பதில்: மாலையில் 170 வோல்ட், ஸ்டெபிலைசர் 'டிக் டிக்'

மாலையில் வீட்டு வோல்டேஜ் 170-க்கு இறங்குகிறது, ஏசி ஓடும்போது ஸ்டெபிலைசர் அடிக்கடி டிக் டிக்கென்று மாறி கட் ஆகிறது, பெரிய கேவிஏ (அதிகத் திறன்) ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே, காசு வீண்.

அந்தச் சத்தம் ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) சத்தம். உள்ளே இருக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் ஒரு டேப்பிலிருந்து (காயிலில் வோல்டேஜ் எடுக்கும் இடம்) அடுத்த டேப்புக்கு அது மாற்றுகிறது. 170-ஐ 220 ஆக்கி 10 ஆம்பியர் கொடுக்க, லைனிலிருந்து சுமார் 13 ஆம்பியர் இழுக்க வேண்டும். அந்தக் கூடுதல் இழுப்பில் லைன் வோல்டேஜ் இன்னும் இறங்கும், மறுபடி டிக்.

முதலில் ஏசி ஓடும்போதே பக்கத்து வீட்டிலும் அளந்து பாருங்கள். அதே பேஸில் (மூன்று மின் லைன்களில் ஒன்று) இருக்கும் அந்த வீட்டில் சரியாக இருந்தால், கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரின் ஜாயின்ட் லூஸாக இருக்கலாம். லூஸ் ஜாயின்ட் சூடாகித் தீப்பிடிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். தெருவுக்கே குறைவென்றால் ஈபியில் எழுதிக் கொடுங்கள். ஒரே பேஸில் லோடு குவிந்திருந்தால் பிரித்துவிடுவார்கள். தெரு டிரான்ஸ்பார்மரில் டேப் சுவிட்ச் இருந்தால், ஈபிக்காரர்கள் சப்ளையை நிறுத்திவிட்டு வோல்டேஜை ஒரு படி ஏற்றலாம்.