வெண்பொடி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டென்வரில் இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். ஹீட்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறது. அறைக்காற்றில் ஈரம் சேர்க்கும் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினோம். பத்தே நாளில் டிவி, மேசை எங்கும் வெண்பொடி. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றியும் நிற்கவில்லை. வேறு வாங்க வேண்டுமா? அதில் யூகலிப்டஸ் தைலம் விடலாமா?

பதில்: தைலத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு சொட்டுகூட வேண்டாம். தென் கொரியாவில் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் 1994 முதல் விற்கப்பட்டன. அவை நுரையீரலைச் சிதைத்தது 2011இல்தான் தெரியவந்தது. பச்சிளங்குழந்தைகள், கர்ப்பிணிகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். தைலமும் அந்த நஞ்சும் ஒன்றல்ல. ஆனால் தொட்டியில் விடுவதைத்தான் குழந்தை இரவு முழுவதும் சுவாசிக்கிறான். தைல நெடியே சிறுவர்களின் மூச்சுக்குழாயை உறுத்தும்.

இனி வெண்பொடி. அது குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரை ஆவியாக்குவதில்லை, நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி காய்ந்ததும் உப்பு மிஞ்சுகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் பொடி நின்றுவிடும். ஆனால் இரவுக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) வரை செலவாகும் கருவிக்குக் குளிர்காலம் முழுக்க அதை வாங்கிச் சுமக்க முடியுமா?

ஆகவே திரியும் விசிறியும் உள்ள வகையை வாங்குங்கள். நனைந்த திரியின் ஊடே காற்று போகும்போது நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு திரியிலேயே தங்கிவிடுகிறது. விசிறிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், திரியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வெந்நீராவி வகையில் பொடி வராது, ஆனால் ஓடியாடும் பிள்ளை இருக்கும் வீட்டில் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கூடவே பத்துப் பதினைந்து டாலருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். உறைநிலையில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள வெளிக்காற்றை 21 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அது சுமார் 15 சதவீதமாகச் சரிந்துவிடும். மகனின் மூக்கு வறள்வது இதனால்தான். (வீட்டில் வீணையோ மிருதங்கமோ இருந்தால் அதற்கும் இதே ஆபத்து.) அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு 30 முதல் 50 சதவீதம். கடுங்குளிர் நாட்களில் 30ஐ ஒட்டியே போதும். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்தால் உடனே குறையுங்கள், சுவரில் பூஞ்சை பிடித்தால் நிலைமை மோசமாகும்.

எதை வாங்கினாலும் பராமரிப்பில் சோம்பல் கூடாது. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தினமும் கொட்டி, அலசி, துடைத்து நிரப்புங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மின்இணைப்பை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புப் படிவுக்கு வெள்ளை வினிகர். கிருமிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நன்றாக அலசிய பிறகே ஓட்டுங்கள். திரியில் வாடை வந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அறையில் 30 சதவீதம் எட்டிய பிறகும் மூக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.