வடிகட்டி அடைத்துக்கொண்டால்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நுழைவில்) நுண்ணுயிர்க் கூட்டமைப்பு (எந்த இனம் எவ்வளவு என்பது) பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்குகிறேன். உயிர்களை வடிகட்டியில் பிடித்து டிஎன்ஏ எடுக்க, ஓர் இடத்தில் எத்தனை லிட்டர் நீர் வடிகட்ட வேண்டும்? – ஆய்வு மாணவி, தூத்துக்குடி

பதில்: ஒரே அளவை எல்லா இடத்துக்கும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஃபியோர்டின் வாய்ப்புறத்தில், அட்லாண்டிக் நீர் புகும் பகுதியில், 0.22 மைக்ரான் வடிகட்டியில் இரண்டு லிட்டர் சிரமமில்லாமல் இறங்கும். உள்ளே பனியாற்று முகப்புக்குப் போனால் கோடையில் நீர் சேற்று நிறமாக இருக்கும். அங்கே அரை லிட்டருக்கே வடிகட்டி அடைத்துக்கொள்ளலாம். வசந்தத்தில் ஃபியோசிஸ்டிஸ் பாசி பெருகினால் அதன் கோழையும் இதே வேலையைச் செய்யும்.

அடைத்ததும் பம்பின் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அழுத்தம் ஏறினால் செல்கள் உடைந்து, டிஎன்ஏ வடிகட்டியில் தங்காமல் கழிவுநீரோடு போய்விடும். உடைவது மெல்லிய உறை கொண்ட செல்கள்தான் முதலில். ஆகவே இழப்பு எல்லா இனத்துக்கும் சமமாக இருக்காது, கூட்டமைப்பின் விகிதமே மாறிவிடும். முன்னால் 3 மைக்ரான் வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள்; துகளில் ஒட்டி வாழ்பவை, தனித்து மிதப்பவை என இரு பிரிவும் தனித்தனியே கிடைக்கும். நீர் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, இறங்கிய அளவை மில்லிலிட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 430 என்றால் 430. 500 என்று எழுதிவைத்தால் பின்னால் கணக்கு உதைக்கும்.

நீர் 0 டிகிரியை ஒட்டியிருக்க, ஆய்வறை 20 டிகிரியில் இருக்கும். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், வேகமாகப் பெருகும் இனங்கள் முந்திக்கொள்ளும். மாதிரியை இருட்டில், ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆர்என்ஏ வேண்டுமென்றால் ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் நிஸ்கின் பாட்டில் மேலே வந்ததிலிருந்து திரவ நைட்ரஜனில் போடும்வரை 20 நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். டிஎன்ஏவுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு.

குழாய்களை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, சுத்திகரித்த நீரில் அலசிய பிறகு, அதே குழாய் வழியாக ஒரு லிட்டர் சுத்த நீரையும் வடிகட்டி, அதையும் மாதிரி போலவே வரிசைப்படுத்துங்கள் (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படியுங்கள்). ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் போன்ற பாக்டீரியாக்கள் பட்டியலில் வந்தால், அவை பெரும்பாலும் கடலில் இருந்து வந்தவை அல்ல. டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலிருந்து வந்தவை. இந்த வெற்று மாதிரி இல்லாமல் அதை நிரூபிக்க முடியாது.

கேள்வி: கடற்பனியில் துளைத்தெடுத்த உருளையை அப்படியே உருக விடலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்பளவு பார்க்க மட்டும் என்றால் விடலாம். உயிர்களுக்கு என்றால் கூடாது. பனிக்குள் உயிர்கள் இருப்பது மெல்லிய உவர்நீர்க் கால்வாய்களில். மைனஸ் 10 டிகிரியில் அந்த உவர்நீரின் உப்பளவு (கிலோவுக்குக் கிராமில்) 140ஐத் தாண்டும். கடல்நீரில் அது 34 அல்லது 35தான். பனியை முழுதாக உருக்கினால் கிடைக்கும் நீரின் உப்பளவோ சுமார் 5. 140இல் பழகிய செல்லை 5இல் போட்டால் நீரை உறிஞ்சி வெடிக்கும்.

அதனால் 0.2 மைக்ரானில் வடிகட்டிய கடல்நீரைச் சேர்த்து உருக்குவார்கள். 9 செ.மீ. விட்டமுள்ள உருளையில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 மில்லி என்பது நடைமுறையில் உள்ள ஓர் அளவு. பாசி அடர்ந்த அடிப்பகுதி 10 செ.மீ. துண்டுக்கு அரை லிட்டர் ஆகிறது. 4 டிகிரியில், இருட்டில், பொறுமையாக உருகட்டும். ஒரு நாள் பிடிக்கலாம். வெந்நீர்த் தொட்டி வேண்டவே வேண்டாம். சேர்த்த கடல்நீரில் வைரஸ்களும் மிதக்கும் டிஎன்ஏவும் வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கும் என்பதால் அதையும் தனியே ஒரு மாதிரியாக எடுங்கள். உப்பும் சத்துப்பொருளும் அளக்கப் பக்கத்திலேயே இன்னோர் உருளை வெட்டிக்கொள்வது நல்லது.

கேள்வி: 16எஸ் (பாக்டீரியாவை இனங்காண உதவும் மரபணு) முடிவில் பாதிக்கு மேல் பசுங்கணிகம் என்று வருகிறது. மாதிரி கெட்டுவிட்டதா? – முனைவர் பட்ட மாணவர், சென்னை

பதில்: இல்லை. டயட்டம் பாசியின் பசுங்கணிகம் சயனோபாக்டீரியா வழி வந்தது. அதற்கும் 16எஸ் மரபணு உண்டு. பாக்டீரியா அட்டவணையிலிருந்து அதை எடுத்துவிட்டு, பாசிகளைப் பற்றிய தகவலாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சயனோபாக்டீரியா என்று எழுதிவிட்டால்தான் ஆபத்து. வெப்பக் கடல்களை நிறைக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா துருவ நீரில் வாழ்வதில்லை என்பது எந்தத் தேர்வாளருக்கும் தெரியும். 50,000 வரிசைகளில் 30,000 பசுங்கணிகம் என்றால் மிச்சம் 20,000 போதும். மொத்தமே 5,000 என்றால் மறுபடி வரிசைப்படுத்துங்கள். மரபணுவைப் பெருக்கப் பயன்படும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமரில், பழைய 806ஆர் என்பது எஸ்ஏஆர்11 என்ற கடல் பாக்டீரியாக் குழுவைக் குறைத்துக் காட்டும். திருத்திய வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: சதவீதத்தை எண்ணிக்கையாக வாசிக்காதீர்கள். மில்லிலிட்டருக்கு 2 லட்சம் செல் இருந்த நீரில் எஸ்ஏஆர்11 40 சதவீதம், பாசிப் பெருக்கில் மொத்தம் 10 லட்சமாகி அது 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் சரிவு, உண்மையில் 80,000 செல் 1,60,000 ஆகியிருக்கிறது. செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ண ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றிரண்டு மில்லி நீரை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி உறைய வைத்திருந்தால் போதும், இந்தக் குழப்பமே வராது.

கேள்வி: துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு. பாக்டீரியா எதைத் தின்னும்? – வாசகி, மதுரை

பதில்: கோடை விட்டுப்போன கரிமப் பொருளைத்தான். கூடவே அம்மோனியாவை ஆக்சிஜனேற்றி, அந்த ஆற்றலில் கரியமில வாயுவை உடற்பொருளாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா அல்லாத நுண்ணுயிர்ப் பிரிவு) குளிர்காலத்தில் மேல்நீரிலும் பெருகுகின்றன. வெளிச்சம் வந்ததும் அங்கே குறைந்துவிடும். கோடையில் மட்டும் மாதிரி எடுத்தவர்கள் இவற்றைத் தவறவிடுவது இதனால்தான்.