வேம்பு உதிர்கிறது, மாம்பூ கறுக்கிறது: எது பருவம், எது நோய்?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மட்டக்களப்புப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். தைப்பொங்கல் முடிந்த கையோடு வளவு மாமரம் நிறையப் பூத்தது. இப்போது பூ கறுத்துக் கொட்டுகிறது, கீழ் இலைகள் பிசுபிசுக்கின்றன. ஒரு பக்கக் கொப்புகளில் பூவே இல்லை, செம்புநிறத் தளிர்தான். கிணற்றடி வேம்பும் இலை உதிர்ந்து மொட்டையாகிவிட்டது. யூரியா போட்டுத் தண்ணீர் விடவா? கடையில் கிருமிநாசினி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

பதில்: அம்மா, அந்தப் போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். யூரியாவும் வேண்டாம்.

வேம்பைப் பற்றிப் பயப்படாதீர்கள். வாடைமழை ஓய்ந்து வெயில் ஏறுகிற மாசி, பங்குனியில் அது பழைய இலையைக் கழிப்பது வழக்கம். வேலியில் முள்முருக்கு நின்றால் பாருங்கள், அதுவும் இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்திருக்கும். மனம் ஆறவில்லையென்றால் சுண்டுவிரல் தடிப்பான கொப்பொன்றின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் மரத்துக்கு ஒரு குறையுமில்லை. இனிச் செந்தளிர் வரும், சித்திரையில் பூவும் வரும்.

மாமரத்துச் செம்புத்தளிரும் நோயல்ல. முற்றி, கொஞ்சம் காய்ந்து ஓய்ந்த கொப்புத்தான் பூக்கும். ஈரமும், யூரியாவில் இருக்கிற தழைச்சத்தும் விடாமல் கிடைத்தால் மரம் இலைக்குப் போய்விடும். குளிக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். பல வளவுகளில் காரணம் அதுதான். அந்தக் கொப்புகளை வெட்டிவிடாதீர்கள், அடுத்த முறை அவை பூக்கலாம்.

கறுப்புத்தான் கவனிக்க வேண்டியது. காலையில் பூங்கொத்துக்குக் கீழே வெள்ளைத் துணியைப் பிடித்துக் கொத்தை மெல்லத் தட்டுங்கள். நெல்மணியை விடச் சின்னதாய், தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கிய மண்ணிறப் பூச்சிகள் விழுந்து துள்ளினால் அது தத்தி. பூக்காம்பின் சாற்றைக் குடித்து இனிப்பு நீரைக் கழிக்கும். இலை பிசுபிசுப்பது அதனால். அந்த இனிப்பில் வளர்கிற பூஞ்சணம்தான் கரிபோல் படிகிறது. காம்பில் வெள்ளை மா தூவியதுபோல் இருந்தால் அது தூள் பூஞ்சணம். பனி விழும் இந்த நாட்களில் இரண்டும் சேர்ந்தும் வரும்.

கொட்டுகிற பூவெல்லாம் நோயால் கொட்டுவதில்லை. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கும். பெரும்பாலானவை ஆண்பூ. ஒன்றிரண்டு காய் முற்றினாலே அந்தக் கொத்து நன்றாகக் காய்த்தது என்றுதான் சொல்வேன்.

மாம்பூவில் மொய்க்கும் ஈயைக் கண்டால் எங்கள் சனத்துக்குப் பிடிக்காது. ஆனால் காய் பிடிக்க வைப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்கும் தேனீக்களுக்கும்தான். பூ விரிந்திருக்கும்போது கிருமிநாசினி அடித்தால் தத்தியோடு அவையும் சாகும். பூ ஓய்ந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரட்டும். அப்போதும் தத்தி கூடுதலாக இருந்தால், பொறுக்கிக் காயவைத்த வேப்பங்கொட்டையின் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவிடுங்கள். துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு விசிறுங்கள். அடிமரப் பட்டை வெடிப்புகளிலும் படவேண்டும், தத்தி ஒளிவது அங்கேதான்.

வெள்ளைத் தூள் கண்டால் ஒரு கொத்தை முறித்து உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கந்தக மருந்து எவ்வளவு, எப்போது என்று அவர் பார்த்துச் சொல்வார்.

தண்ணீர், பிஞ்சு பிடித்த பிறகு கிழமைக்கு ஒருமுறை போதும். அடிமரத்தில் ஊற்றாமல் கொப்பு கவிந்து நிற்கும் ஓரத்து மண்ணில் விடுங்கள். மாட்டெரு, பசளை எல்லாம் மாங்காய் பறித்த பிறகு. உள்ளே நெருக்கமாகக் கிடக்கும் கொப்புகளையும் அப்போதே கழித்துவிடுங்கள். இருட்டும் ஈரமும் குறைந்தால் அடுத்த மார்கழியில் தத்திக்கு ஒதுங்க இடமிருக்காது.