ஒரு ப்ரவுசரில் சரி, இன்னொன்றில் கோணல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைகள், விடுதிகள், பள்ளிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது" என்ற வரியை வாரத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள், அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. இனி அனுப்புகிறவர்கள் எந்த ப்ரவுசர், அதில் எந்தப் பதிப்பு, எந்த போன் அல்லது விண்டோஸ் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

அக்கா, ஒயிட் டவுனில் சின்ன விருந்தினர் விடுதி வைத்திருக்கிறோம். முகப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் முன்பதிவு பட்டன் ஐபோனில் பாதி மறைந்துவிடுகிறது. விருந்தினர்களிடம் க்ரோமில் திறக்கச் சொன்னோம், அதிலும் அப்படியேதான். ஆண்ட்ராய்டில் அவ்வளவு மோசமில்லை.

ஐபோனில் இருக்கும் க்ரோம், உங்கள் கணினியில் இருக்கும் க்ரோம் இல்லை. பெயரும் மேல்தோற்றமும்தான் க்ரோம், உள்ளே பக்கத்தை வரைவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின். ஐபோனில் எல்லா ப்ரவுசரும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிள் வைத்த விதி. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் மட்டும் 2024 மார்ச்சிலிருந்து அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதனால் விருந்தினரை ப்ரவுசர் மாற்றச் சொல்லிப் பயனில்லை, பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் முகப்புப் படத்துக்கு உயரம் 100 விஎச் என்று கொடுத்திருப்பார்கள், திரை முழுவதும் என்று நினைத்து. போனில் முகவரிப் பட்டை ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் ஒளிந்துகொள்ளும். 100 விஎச் என்பது அது ஒளிந்திருக்கும்போது உள்ள பெரிய உயரம். பக்கம் திறந்தவுடன் பட்டை தெரிகிறதே, அந்த அளவுக்கு உங்கள் பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது. 2022-ல் இதற்காகவே, பட்டைக்கு ஏற்பத் தானே மாறும் டிவிஎச் என்ற அளவு வந்தது, சஃபாரி 15.4-லும் க்ரோம் 108-லும் தொடங்கி வேலை செய்யும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் முதலில் 100 விஎச் என்ற பழைய வரி இருக்கட்டும், அதற்கு நேர் கீழே 100 டிவிஎச் என்று இன்னொரு வரி போடச் சொல்லுங்கள். பழைய போன் தனக்குப் புரியாத இரண்டாவது வரியைத் தாண்டிப் போய்விடும், புதிய போன் கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டாலே, அதாவது பழையதை முதலில் எழுதிப் புதியதை அதன் கீழே எழுதுவது, நிறையச் சிக்கல் வராமலே போகும்.

அப்புறம், முன்பதிவுப் படிவத்தில் பெயர் எழுதப் போனால் பக்கம் திடீரென்று பெரிதாகிறதா என்று பாருங்கள். கட்டத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் அப்படிச் செய்யும். 16 ஆக்கினால் நின்றுவிடும்.

லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தளம் தமிழ், பிரெஞ்சு இரண்டிலும் உள்ளது. சில பக்கங்கள் ஒரு ப்ரவுசரில் சரியாக வருகின்றன, இன்னொன்றில் தமிழ் முழுவதும் குப்பை எழுத்தாக வருகிறது. சில இடங்களில் வெறும் கேள்விக்குறிகள்.

இரண்டும் வேறு வேறு நோய், கலந்துவிடாதீர்கள்.

குப்பை எழுத்து என்றால் உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது, ப்ரவுசர் அதைத் தவறான முறையில் படிக்கிறது, அவ்வளவுதான். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றையும் தனித்தனி மேற்கத்திய எழுத்துகளாகப் படித்தால், பிரெஞ்சில் மேலே கோடு போட்டு எழுதும் 'அ' ஒலி எழுத்து வரிசையாக வந்துகொண்டே இருக்கும், இடையிடையே வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரும். உங்கள் பக்கத்தைப் பாருங்கள், அதுதான் இருக்கும். பிரெஞ்சின் கோடு போட்ட எழுத்துகளுக்கு இரண்டு பைட்டுகள் என்பதால் அங்கே ஓர் எழுத்துக்கு இரண்டு குப்பை வரும். மற்ற எழுத்துகள் ஒழுங்காக இருப்பதால் பிரெஞ்சுப் பக்கத்தைச் சமாளித்துப் படித்துவிடலாம், தமிழில் ஒரு சொல்கூட மிஞ்சாது.

பக்கம் எந்த முறையில் எழுதப்பட்டது என்று சொல்லாவிட்டால் ஒவ்வொரு ப்ரவுசரும் தானே ஊகிக்கிறது, ஊகம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்தின் மூலக் கோப்பான எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்ற மெட்டா வரியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், முதல் 1024 பைட்டுகளுக்குள் அது இருக்க வேண்டும் என்பது விதி. போட்டும் சரியாகவில்லை என்றால் சர்வர் அனுப்பும் தலைப்பில் வேறு முறை சொல்லியிருக்கும், மெட்டா வரியைவிட சர்வர் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேள்விக்குறிகள் விஷயம் வருத்தமானது. தமிழ் எழுத்தை ஏற்காத அட்டவணையில் சேமித்தபோது டேட்டாபேஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகக் கேள்விக்குறியையே எழுதிவிட்டது. பழைய பேக்கப்பிலிருந்தோ மூலக் கோப்பிலிருந்தோ மறுபடி ஏற்றுவதுதான் வழி. டேட்டாபேஸ் மை எஸ்க்யூஎல் என்றால் அட்டவணையையும் இணைப்பையும், இரண்டையுமே, தமிழை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கடலூர் முதுநகர். என் அப்பா 2003 வாக்கில் ஒரு சிற்றிதழை இணையத்திலும் போட்டு வந்தார். அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அழகாகத் தெரிந்தது, இன்று எந்த ப்ரவுசரிலும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருக்கிறது. மீட்க முடியுமா?

முடியும் தம்பி, ஒரு வரிகூட இழக்காமல் மீட்கலாம்.

எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் அன்றைக்குப் பரவவில்லை. பாமினி, டிஸ்கி, டாப் என்று பல குறியீடுகள் இருந்தன, ஒவ்வோர் எழுத்துருவும் ஏதோ ஒன்றைப் பின்பற்றியது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாதவருக்கும் தெரியட்டும் என்று ஈஓடி என்ற வகைக் கோப்பைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புவார்கள், அதை எக்ஸ்ப்ளோரர் மட்டுமே திறக்கும். எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. இன்று அந்த எழுத்துருவைப் புதிய வடிவில் இணைத்தால் பக்கம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும், ஆனால் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பை வரும், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது தமிழே இல்லை. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

மூலக் கோப்புகளை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தொடாமல் வையுங்கள். பக்கத்தின் எச்டிஎம்எல்லில் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பார்த்து எந்தக் குறியீடு என்று உறுதி செய்த பிறகு யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். அதனால் கொ, கோ, கௌ வரும் சொற்களையும், ஸ்ரீ, க்ஷ போன்றவற்றையும் கண்ணால் சரிபாருங்கள், தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்பாவை அருகில் உட்கார வைத்துச் செய்தால் இன்னும் நல்லது, அவர் எழுதிய சொல் அவருக்குத்தான் தெரியும்.

பண்ருட்டியில் ஒரு பள்ளி அலுவலகம். புதிதாகச் செய்து கொடுத்த தளத்தில் மெனு அலங்காரமே இல்லாமல் கொட்டிக் கிடக்கிறது. விண்டோஸ் 7, க்ரோம் 109. செய்தவர் க்ரோமை அப்டேட் பண்ணச் சொல்கிறார், ஆகவில்லை சார்.

நான் சார் இல்லை, அக்கா. க்ரோம் ஆகாதுதான். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பே 109, 2023 தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. செய்தவர் சிஎஸ்எஸ் விதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதியிருப்பார், க்ரோமில் அது 112-லிருந்துதான் புரியும். அவர் மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டாம். போஸ்ட் சிஎஸ்எஸ் போன்ற கருவி வழியாக அனுப்பினால் அதுவே பழைய முறைக்கு விரித்துக் கொடுத்துவிடும், அரை நாள் வேலை. பெற்றோர் கட்டணம் பார்க்க வரும் தளம் அது, அந்த அரை நாளைக் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கணினி என்பதால் பணப் பரிமாற்றம் மட்டும் அதில் வேண்டாம்.

மேக்கில் சரி, விண்டோஸில் பக்கம் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது.

திரையின் முழு அகலம் என்று நினைத்து, அகலம் 100 விடபிள்யூ என்று எங்கோ கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் ஸ்க்ரோல் பட்டையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 100 சதவீதம் என்று மாற்றுங்கள்.

முந்திரிக் கடை. சாம்சங் போனில் இருக்கும் ப்ரவுசரில் எங்கள் லோகோவின் கறுப்பு எழுத்து காணாமல் போகிறது.

அந்த ப்ரவுசரின் டார்க் மோட் பக்கத்தின் வெள்ளைப் பின்னணியைத் தானே கறுப்பாக்குகிறது, கறுப்பில் கறுப்பு எப்படித் தெரியும்? லோகோவுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டையைப் படத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மாற்றம் செய்தேன், என் கணினியில் வந்துவிட்டது, கடைக்காரர் போனில் பழையதே வருகிறது.

கேஷ், அதாவது அந்த போன் முன்பே எடுத்து வைத்திருக்கும் பழைய நகல். சிஎஸ்எஸ் கோப்பின் பெயரில் ஓர் எண் சேர்த்து ஏற்றுங்கள், பக்கத்திலும் அந்தப் புதுப் பெயரையே குறிப்பிடுங்கள்.

நெல்லிக்குப்பம், டிசைனர். தமிழ்ப் பட்டன்களில் 'கி', 'கு' போன்ற எழுத்துகளின் மேல்பகுதியோ கீழ்ப்பகுதியோ வெட்டுப்படுகிறது, அதுவும் சில கணினிகளில் மட்டும்.

ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு எழுத்துருவை எடுக்கிறது. புதிய விண்டோஸில் நிர்மலா, பழையதில் லதா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். நான்கின் உயரமும் ஒன்றில்லை. ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழைப் போட்டால் சுழியும் கொக்கியும் வெட்டுப்படத்தான் செய்யும். பட்டனுக்கு நிலையான உயரத்தை எடுத்துவிட்டு மேலும் கீழும் பேடிங், அதாவது உள் இடைவெளி, கொடுங்கள், வரி உயரத்தை 1.6 அளவில் வையுங்கள். நோட்டோ தமிழை இணையத்துக்கான வோஃப்2 எழுத்துரு வடிவில் நீங்களே பக்கத்தோடு அனுப்பினால் எல்லாக் கருவியிலும் ஒரே எழுத்து வரும். முடித்ததும் 'ஸ்ரீமுஷ்ணம்', 'கூடலூர்' இரண்டையும் பட்டனில் தட்டிப் பாருங்கள், நான் எப்போதும் இவற்றை வைத்துத்தான் பார்க்கிறேன்.