ஆல்ஜினேட் முத்து ஏன் கரைகிறது?

கேள்வி: சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டு, செல்களை அடைக்கும் முத்துகள் செய்கிறேன். பி.பி.எஸ். என்னும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் வைத்தால் ஊதிப்போய், மறுநாள் கூழாகிவிடுகின்றன. சிலவற்றுக்கு வாலும் இருக்கிறது. ஏன்?
– முதுநிலை மாணவி, திருநெல்வேலி

பதில்: கூழாக்குவது அந்த பி.பி.எஸ்.தான். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சர்காசமும் அந்த வகைக் கடற்பாசிதான். ஆல்ஜினேட் சங்கிலியில் குலுரோனேட் என்னும் அலகு தொடர்ந்து வரும் பகுதி வளைந்து வளைந்து குழிகளாக நிற்கும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே சேரும்போது, அந்தக் குழிகளில் கால்சியம் அயனிகள் அட்டையில் அடுக்கிய முட்டைபோல் உட்காரும். ஜெல்லைப் பிடித்து வைத்திருப்பது அவ்வளவுதான். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, காலியான இடத்தில் சோடியம் புகுந்துவிடும்; பிணைப்பு விட்டு முத்து ஊதும். சிட்ரேட் இதையே இன்னும் வேகமாகச் செய்யும். அடைத்த செல்களைத் திரும்ப வெளியே எடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பாஸ்பேட் இல்லாமல் pH-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பீஸ் தாங்கல் கரைசலுக்கு மாறுங்கள், அதில் 0.9% உப்பும் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் இருக்கட்டும். வெறும் உப்புநீர் போதாது, அதிலும் ஊதும்.

வாலுக்குக் காரணம் வேறு. கரைசல் கெட்டியாகவும் ஊசி தாழ்வாகவும் இருந்தால், சொட்டு உருண்டையாகும் முன்பே கால்சியம் குளோரைடு குளியலில் விழுந்து உறைந்துவிடும். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 2 கிராம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, குமிழி அடங்க இரவு முழுதும் வையுங்கள். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமே கட்டி தட்ட வைக்கும். 22 கேஜ் ஊசியை 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். மிக உயர்த்தினால் முத்து தட்டையாகும். குளியலுக்கு 100 மி.லி.யில் 1.47 கிராம் இருநீரேற்றக் கால்சியம் குளோரைடு, 10 நிமிடம். ஆல்ஜினேட் கரைசலை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கிருமிநீக்கியில்) வைத்தால் சங்கிலி அறுந்து நீர்த்துப்போகும்.

கேள்வி: புளியங்கொட்டைப் பசையும் கால்சியத்தில் உறையுமா?
– வாசகர், மதுரை

பதில்: உறையாது. அதிலுள்ள சைலோகுளுக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலியில் மின்னேற்றமே இல்லை. கால்சியத்துக்குப் பிடிமானம் கிடையாது. ஆனால் அதன் காலாக்டோஸ் என்னும் சர்க்கரைக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பீட்டா காலாக்டோசிடேஸ் நொதியால் வெட்டிவிட்டால், சங்கிலிகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். அகர் அகருக்கு நேர்மாறாக, உடற்சூட்டில் இறுகும், குளிரில் இளகும். ஊசியில் திரவமாகச் செலுத்தி உள்ளே உறைய வைக்கும் மருந்துகளுக்கு இதனால்தான் இதன்மேல் ஒரு கண். இப்படி வெட்டிய பசையை 1 முதல் 2% அளவில் பனிக்கட்டிக் குளிரில்தான் கரைக்க வேண்டும். சுடுநீரில் கொட்டினால் மேற்புறம் மட்டும் உறைந்து, உள்ளே மாவு காய்ந்தபடியே கிடக்கும்.