புதிதாக அச்சிடப்படும் தமிழ் வேதாகமத்திலும் பழைய நடையே இருப்பது ஏன்?

காரைக்குடியில் இப்போது வாங்கிய வேதாகமத்திலும் பாட்டி காலத்துத் தமிழே இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படுவது, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே. இந்திய வேதாகமச் சங்கம் அதைத் தொடர்ந்து மறுபதிப்புச் செய்துவருகிறது.

அச்சில் எதுவுமே மாறவில்லை என்பதல்ல. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ணை, லை, றா முதலிய எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. அதனால் தேவகோட்டை வீடொன்றில் கொள்ளுப்பாட்டியின் பிரதியைத் திறக்கும் பிள்ளை, துதிக்கைபோல வளைந்த பழைய ‘லை’யைக் கண்டு சற்றுத் தயங்கினாலும், அதைத் தாண்டிவிட்டால் தான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அதே வசனத்தைத்தான் வாசிக்கும்.

வசனங்கள் கண்ணால் படிப்பதற்கு மட்டுமல்ல, சபையாகச் சேர்ந்து சொல்வதற்கும் உரியவை. அடக்க ஆராதனையில் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று ஒருவர் தொடங்கினால், புத்தகம் பாராமலே மற்றவர்கள் தொடர்கிறார்கள், ஆளுக்கொரு பாடம் கையில் இருந்தால் அந்த ஒருமித்த குரல் கலைந்துவிடும். எளிய தமிழை விரும்புவோர்க்கு, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கிறது. பழைய பாடத்தைத் திருத்துவதைவிட, அருஞ்சொற்பொருளைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.