பழைய கம்ப்யூட்டர், மாதச் சந்தா: கடையில் கேட்காமல் விடக் கூடாத கேள்விகள்

1970களின் கடைசியிலும் 80களிலும் அமெரிக்காவில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தபாலில் மாதாமாதம் மென்பொருள் வரும். ஆரம்பத்தில் கேசட், அப்புறம் டிஸ்க். அந்தச் சந்தா இதழ்கள் இப்போது பழைய பொருள் விற்பனைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. அங்கே இருக்கும் நம் வாசகர்கள் சிலர் இதைப் பற்றியே எழுதிக் கேட்டிருப்பதால், இந்த முறை பதில்கள் முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது) டி.ஆர்.எஸ்-80 கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்தேன். கூடவே ஒரு செருப்புப் பெட்டி நிறைய 'சிலோட்' என்று எழுதிய கேசட்டுகள். மொத்தமாக 200 டாலர் கேட்கிறார்கள். அந்தக் கேசட்டுகளில் என்ன இருக்கும்? வாங்கலாமா சார்?

பதில்: ரேடியோ ஷேக் கடைகள் 1977 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய மெஷின் அது. திரை, டேப் ரெக்கார்டர் எல்லாம் சேர்த்து சுமார் 600 டாலர். அன்றைக்கு அது பெரிய பணம். அவ்வளவு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்த பிறகு அதில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், அதிகம் இல்லை. பத்திரிகையில் பக்கம் பக்கமாக அச்சிட்ட, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி நிரலை உட்கார்ந்து தட்டலாம். ஒரு கமா விட்டுப்போனாலும் ஓடாது. இல்லையென்றால் ஒவ்வொரு கேசட்டாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் 1978இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கமிருந்து 'சிலோட்' வந்தது. மாதம் ஒரு கேசட், அதில் சில நிரல்கள்: விளையாட்டு, புதிர், வீட்டுக் கணக்கு, படம் காட்டும் சின்ன வேடிக்கைகள். காமடோர் பெட் கம்ப்யூட்டர்காரர்களுக்கு அதே வருடம் அதே வட்டாரத்திலிருந்து 'கர்சர்' என்ற கேசட் இதழ் வந்தது. தரம் மாதத்துக்கு மாதம் மாறும். நம்மூர் மாத நாவல் வாங்குகிற மாதிரிதான்: இந்த மாதம் பிரமாதம், அடுத்த மாதம் சுமார், ஆனால் கைக்கு வரும்போது ஒரு ஆவல்.

200 டாலரை மெஷினுக்கான விலையாக மட்டும் பாருங்கள். கேசட்டுகளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கென்று தனியாக விலை சொன்னால் மறுத்துவிடுங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆன காந்த நாடாவில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அதே மெஷினைப் பற்றித்தான். வாங்கும் முன் அங்கேயே எதைச் சோதிப்பது? எனக்கு இதெல்லாம் புதிது.

பதில்: சந்தா வாங்கியவர்கள் அந்தக் காலத்திலேயே ஏமாந்தது இந்த இடத்தில்தான். இதழ் நன்றாக இருக்கும், ஆனால் தன் மெஷினுக்குப் பொருந்தாது. ஆகவே கேசட்டைப் பார்ப்பதற்கு முன் மெஷின் எந்த ரகம் என்று பாருங்கள்.

சுவிட்ச் போடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. டி.ஆர்.எஸ்-80இன் முதல் ரகமான மாடல் ஒன்னின் விசைப்பலகைக்குப் பின்பக்கம் மின்சாரம், திரை, டேப் ஆகிய மூன்றுக்கும் ஒரே மாதிரியான ஐந்து முனைத் துளைகள். வடிவத்தைப் பார்த்து எது எதற்கு என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மாற்றிச் செருகினால் மெஷின் பாழாகலாம்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் 'மெமரி சைஸ்?' என்று கேட்டால் அது லெவல் டூ, அதாவது மெஷினுக்குள் இருக்கும் பேசிக்கின் பிந்தைய வடிவம். என்டர் தட்டினால் போதும். எதுவும் கேட்காமல் நேராக 'ரெடி' என்று வந்தால் லெவல் ஒன். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் கேசட்டில் எழுதுபவை, ஒன்றின் நாடாவை இன்னொன்று நேரடியாகப் படிக்காது. லெவல் ஒன்னில் எழுத்துகளைச் சேமிக்கும் மாறிகளே இரண்டுதான், அதற்கு எழுதப்பட்ட நிரல்களும் குறைவு. அப்புறம் 'பிரின்ட் மெம்' (PRINT MEM) என்று தட்டுங்கள். லெவல் டூவில் 15,500க்கு மேல் ஓர் எண் வந்தால் 16கே நினைவகம் இருக்கிறது, பாதுகாப்பாக வாங்கலாம். மூவாயிரத்துச் சொச்சம் வந்தால் 4கே. பெட்டியில் உள்ள கேசட்டுகளில் நிறையவற்றுக்கு அது போதாது.

கூடவே விரிவாக்கப் பெட்டி இணைத்திருந்து, டிஸ்க் டிரைவ் இல்லாமல் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் வந்தால் பயந்துவிடாதீர்கள். பிரேக் விசையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்ச் போடுங்கள், சரியாகிவிடும். விற்பவருக்கு இது தெரியாமல் 'ரிப்பேர்' என்று விலையைக் குறைத்து வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: என்னிடம் லெவல் டூ மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. சந்தாக் கேசட் ஒன்றைப் போட்டால் எதுவும் ஏறவில்லை. கேசட் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கேசட் மேல் தப்பு இருக்காது. வால்யூமைப் பாருங்கள். டேப் ரெக்கார்டரின் ஒலியளவு சரியாக இருந்தால்தான் இந்த மெஷின் படிக்கும். கேசட்டை ஏற்றும் கட்டளையான 'சிலோட்' (CLOAD, இதழின் பெயரும் அதுதான்) என்று தட்டி என்டர் அடித்து, பிளே அழுத்துங்கள். திரையின் வலது மேல் மூலையைப் பாருங்கள். இரண்டு நட்சத்திரக் குறிகள் வந்து, அவற்றில் ஒன்று மின்னி மின்னி மறைந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரமே வரவில்லையென்றால் ஒலி போதவில்லை, அல்லது வயர் மாறியிருக்கிறது. வந்து மின்னாமல் நின்றுவிட்டால் ஒலியளவு கொஞ்சம் முன்னே பின்னே. நாடாவைப் பின்னால் ஓட்டிவிட்டு, திருகை இம்மி இம்மியாக நகர்த்தி மறுபடி முயலுங்கள். வயரில் மூன்று முனைகள் இருக்கும். படிப்பதற்கு இயர் துளையில் போகும் முனைதான் முக்கியம்.

பொறுமையும் வேண்டும். நொடிக்கு 500 பிட் வேகத்தில் 16கே நினைவகத்தை நிரப்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் சலித்து நிறுத்திவிடாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் ஏறவில்லையென்றால் ரெக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். கேசட்டைத் திறந்த பக்கமிருந்து பாருங்கள்: நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ரெக்கார்டரின் படிக்கும் தலையில் சரியாகப் பதியாது. உருப்படாத ஒரு பழைய பாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒருமுறை நன்றாக ஓடிவிட்டால் உடனே லேப்டாப்பில் ஆடியோவாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேசட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

(மாடல் த்ரீ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மெஷின் தொடங்கும்போது 'கேஸ்?' என்று கேட்கும். பழைய கேசட்டுக்கு 'எல்' என்று பதில் சொல்லுங்கள். 'எச்' சொன்னால் வேகமான முறைக்குப் போய்விடும், பழைய நாடா படிக்காது.)

கேள்வி: ஆப்பிள் டூவுக்கான 'சாப்ட்டிஸ்க்' முதல் வருட இதழ் ஒன்று ஏலத்தில் வந்திருக்கிறது. விற்பவர் 'மிக அரிது' என்கிறார். உண்மையா, கதையா?

பதில்: கொஞ்சம் உண்மை. 1981இல் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து வந்த மாத டிஸ்க் அது. ஆரம்பத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். இந்த மாத டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த மாத டிஸ்க் வரும். டிஸ்க்கிலேயே ஒரு எழுதுகருவி இருந்தது, வாசகர் தன் கருத்தை அதில் தட்டி அதே டிஸ்க்கில் அனுப்பலாம். டிஸ்க்குக்குக் காப்புப் பூட்டும் உண்டு, சாதாரணமாக நகல் எடுக்க முடியாது. இந்த ஏற்பாடு 1984 வாக்கில் முடிந்துவிட்டது. அதன் பிறகு டிஸ்க்குகள் வாசகருக்கே சொந்தம், பூட்டும் கிடையாது.

சந்தா கட்டுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் முதல் ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கட்டியும் பொருள் கையில் நிற்காது. ஆனால் அதனால்தான் தொடக்க கால டிஸ்க்குகள் வீடுகளில் தங்கியிருக்க வாய்ப்பு குறைவு. அரிது என்பதற்கு விலை கொடுக்க நினைத்தால் உங்கள் விருப்பம். ஆனால் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அதை 'ஓடாது' என்றே படியுங்கள். டிஸ்க்கின் நடு ஓட்டை வழியாகவும் நீள்வட்டத் திறப்பு வழியாகவும் எடுத்த புகைப்படம் கேளுங்கள். வெள்ளைப் படலமோ புள்ளியோ தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் தலை அழுக்காகி அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும்.

உள்ளே இருப்பதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் ஏலம் எதற்கு? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் சாப்ட்டிஸ்க் இதழ்கள் பல இருக்கின்றன, பிரவுசரிலேயே ஓட்டலாம்.

கேள்வி: பள்ளிக்கூட லேபில் நாங்கள் விழுந்து விழுந்து ஆடிய 'டேஞ்சரஸ் டேவ்' இந்த மாதிரி சந்தாவில் வந்ததாமே?

பதில்: ஆமாம்! ஜான் ரொமேரோ 1988இல் 'அப்டைம்' என்ற டிஸ்க் பத்திரிகைக்காக ஆப்பிள் டூவில் எழுதியது அது. பிறகு ரொமேரோ சாப்ட்டிஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்து, பி.சி. வடிவமும் அங்கிருந்து வந்தது. அதே அலுவலகத்தில் ஜான் கார்மாக், டாம் ஹால் ஆகியோரைச் சந்தித்து, 1991இல் வெளியேறித் தொடங்கியதுதான் 'டூம்' விளையாட்டைத் தந்த இட் சாப்ட்வேர். அந்தத் தலைமுறைக்கு மாதக் கெடுவுக்குள் விளையாட்டு எழுதி முடிக்கும் பழக்கம் இந்தச் சந்தா டிஸ்க்குகளில் வந்ததுதான். காசு விஷயமாக ஒன்று: லேபில் நாம் ஆடிய பி.சி. வடிவத்துக்குப் பழைய மெஷின் தேவையே இல்லை, பழைய டாஸ் நிரல்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும்.

கேள்வி: ஒருவர் 'ஆப்பிள், காமடோர் டிஸ்க் பத்திரிகைகள் எல்லாம்' என்று ஒரு பென் டிரைவை 40 டாலருக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கி, காப்பி செய்து விற்கிறார். எழுதியவருக்கு அதில் ஒரு காசு போகாது. என்னென்ன இதழ் இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள், பெரும்பாலும் பதிலே வராது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன் காமடோர் 64ஐயும், 'லோட்ஸ்டார்' டிஸ்க்குகள் ஒரு பெட்டியையும் கோவைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். இங்கே ஓட்டுவதற்கு என்ன செலவாகும்?

பதில்: லோட்ஸ்டார் 1984இல் தொடங்கிய மாத டிஸ்க், 2007 வரை வந்தது. காமடோர் 64 கடைகளை விட்டுப் போய் வருடக்கணக்கான பிறகும் சந்தாதாரர்கள் விடவில்லை. நல்ல சொத்துதான், கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆனால் கூட வரும் கறுப்பு மின்சாரக் கட்டியை (பவர் சப்ளை) இங்கே நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் அந்தக் கட்டியை நான் நம்ப மாட்டேன். பழசானால் 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் அதிகம் கொடுத்து நினைவகச் சிப்புகளைச் சாகடிப்பதில் அது பேர்போனது. 230 வோல்ட்டுக்கென்று புதிதாகச் செய்து விற்கிறார்கள், முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

காமடோரின் டிஸ்க் டிரைவான 1541க்குள்ளும் 120 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தான், கனமும் அதிகம். அதை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன் டிஸ்க்குகளை அங்கேயே டி64 கோப்புகளாக (ஒரு டிஸ்க்கின் முழு நகல் ஒரே கோப்பில்) மாற்றித் தரச் சொல்லுங்கள். இங்கே எஸ்டி கார்டு செருகும் எஸ்டி2ஐஇசி என்ற சின்னக் கருவி வாங்கினால் டிரைவுக்குப் பதில் அதுவே போதும். கார்டில் இதழின் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, லோட், மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறி, கமா 8 கமா 1 என்று தட்டினால் ஏறத் தொடங்கும். காப்புப் பூட்டு போட்ட கடை விளையாட்டுகள் சில இந்தக் கருவியில் ஓடாது.

திரைக்கு: அமெரிக்க மெஷின் அந்த ஊர் டி.வி. முறையான என்.டி.எஸ்.சி.யில் படம் கொடுக்கும். வீட்டு டி.வி. அதை ஏற்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், இப்போதைய டி.வி.கள் பல ஏற்கும். அண்ணன் வருவதற்குள் பொழுது போகாவிட்டால் லேப்டாப்பைக் காமடோர் போல நடிக்க வைக்கும் 'வைஸ்' எமுலேட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். அது இலவசம், அண்ணன் அனுப்பும் டி64 கோப்புகள் அதிலும் ஓடும்.